திரும்பி வந்தவளின் கொடி

மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டுதான் தூரிகையைக் கயிறுகளுக்குள் விடுவார் அக்கா. கன்னங்கள் இரண்டும் உப்பிக்கொள்ளும். கண் சிமிட்டாது. பாய்மரத்தின் உச்சியில் தொடங்கி அடிவரை இறங்கிய பிறகே தலையை அப்பால் திருப்பி, தோள் பக்கமாக மூச்சை விடுவார். "நம்ம மூச்சு பட்டா இவளுக்குப் புயல்" என்பார்.

அருங்காட்சியகத்தின் கப்பல் கூடத்தில் பதினேழு மாதிரிக் கப்பல்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை பொதுமக்களுக்கு விடுமுறை, அக்காவுக்கு வேலை. வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி, கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். முகத்துக்குப் பவுடர் பூசும் தூரிகை பெரிய பரப்புக்கு. கயிறுகளுக்கு வேறொன்று, பத்துப் பதினைந்து மயிர்கள் மட்டும் மிஞ்சியது. பிசுக்கு ஏறிய இடங்களுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி, அதில் சொந்த எச்சில். வேறெந்தத் திரவமும் வர்ணத்தை இவ்வளவு பத்திரமாக விட்டுவைப்பதில்லை என்பது அவருடைய அனுபவம். அதற்காகவே திங்கட்கிழமை காலைகளில் இரண்டு முறை பல் துலக்கிவிட்டு வருகிறார்.

கூடத்தின் மூலையில் என் மேசை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கும் விவரச் சீட்டுகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. நான் எழுத்தில் படிக்கும் கடல்பயணங்களை அக்கா வேறு விதமாக அறிந்து வைத்திருந்தார், பக்கத்து வீட்டு விவகாரம்போல.

"அஞ்சு கப்பல் கிளம்புச்சு தம்பி. இருநூறு பேருக்கு மேல. உலகத்தையே சுத்திட்டு மூணு வருஷம் கழிச்சு வந்து சேர்ந்தவ இவ ஒருத்திதான். இறங்கினது பதினெட்டே பேரு. கூட்டிட்டுப் போன தலைவன் நடுவழியிலேயே போய்ச் சேர்ந்துட்டான். சாப்பாடு தீர்ந்து, கப்பல்ல சுத்தியிருந்த தோலைக் கடல்தண்ணியில நாலு நாள் ஊறவெச்சுச் சுட்டுத் தின்னிருக்காங்க. நம்ம வீட்டுல உப்பு ஒரு கல்லு கொறஞ்சா என்னா பேச்சுப் பேசுறாரு மனுஷன்!"

மனுஷன் என்பது கணவர். பேருந்து ஓட்டுகிறார்.

அந்த ஒரு கப்பலுக்கு அக்கா வைத்த பெயர் 'திரும்பி வந்தவ'. கூடத்திலேயே பெரிய மாதிரி அதுதான். மூன்று பாய்மரங்கள், முன்னோக்கிப் புடைத்த துணிப் பாய்கள். மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்று மூடப்பட்டபோது இங்கே வந்து சேர்ந்ததாம். செய்தவர் யாரென்று பதிவேட்டில் இல்லை. ஆனால் அக்காவுக்கு அவரைத் தெரியும். மேல்தளத்தின் மெருகெண்ணெயில் ஒட்டிக்கொண்ட ஒரு தலைமயிரை எனக்குக் காட்டியிருக்கிறார். "நரைச்ச முடி. வயசான பிறகு உக்காந்து செஞ்சிருக்கான். இடது கைக்காரன். முடிச்சைப் பாருங்க, எல்லாமே எதிர்ப்பக்கம் விழுந்திருக்கு."

உலகத்தைச் சுற்றி வந்த அந்த மாலுமிகள் ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் குறித்துக்கொண்டு வந்தும், ஊர் திரும்பும்போது கணக்கில் ஒரு நாள் குறைந்திருந்தது. உலகத்தை மேற்கு நோக்கிச் சுற்றினால் அப்படித்தான் ஆகும் என்று ஒரு சீட்டில் அரைப்பக்கம் விளக்கியிருக்கிறோம். அக்கா படித்துவிட்டு, "திங்கக்கிழமையா இருக்கும். லீவுதானேன்னு எழுதாம விட்டிருப்பானுங்க" என்றார்.

வரைபடம், திசைகாட்டி, தலைவனின் வாள் எதுவும் அவரை ஈர்த்ததில்லை. "மூணு வருஷம் சட்டையை யாரு துவைச்சா? அதை எந்தச் சீட்டுலயாவது போட்டிருக்கீங்களா?" என்று ஒருநாள் காப்பாளர் மேடத்திடமே கேட்டார். மேடம் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. துப்புரவுப் பணியாளர்கள் தூசி தட்டலாம், எதையும் ஒட்டவோ கட்டவோ கூடாது. ஏதாவது கழன்றால் உடனே சொல்ல வேண்டும். அக்காவுக்கு முன்னால் இருந்தவர் நகமளவு நங்கூரம் ஒன்றை உடைத்துவிட்டுத் தானே ஒட்டினார். மறுவாரமே மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் மாற்றிவிட்டார்கள். அக்கா வந்தது அந்தக் காலியிடத்துக்குத்தான்.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி, கைகளில் வெள்ளைக் கையுறை. மூன்று நாட்கள் கப்பல்களைச் சுற்றி நடந்தார். நான்காம் நாள், திங்கட்கிழமை, புதிய விவரச் சீட்டுகளின் கைப்பிரதி என் மேசைக்கு வந்தது. அக்கா மேசையைத் துடைக்கும் சாக்கில் எப்போதும்போலக் குனிந்து, உதடு அசைய வாசித்தார்.

'நடுப்பாய்மர உச்சியில் உள்ள கொடி பின்னோக்கிப் பறக்கிறது. பாய்களை முன்னோக்கிப் புடைக்க வைக்கும் காற்று, கொடியையும் முன்னோக்கியே பறக்கவிடும். இந்த அடிப்படைப் பிழையிலிருந்து, இதைச் செய்தவர் கடலுக்குப் போன மாலுமி அல்லர், படம் பார்த்துச் செய்த பொம்மைக் கடைத் தச்சர் என்று கொள்ளலாம்.'

அக்காவின் துணி ஓரிடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"இதை அடிச்சுட்டீங்களா தம்பி?"

"இல்லக்கா. மத்தியானம்தான்."

"கொஞ்சம் பொறுங்க."

பிறகு என் எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அந்தக் கொடி நான் ஒட்டினது" என்றார்.

பதினொரு வருடங்களுக்கு முன் தூரிகை பட்டுக் கொடி கழன்று உள்ளங்கையில் விழுந்திருக்கிறது. நங்கூரத்தை ஒட்டியவரின் கதி ஞாபகத்துக்கு வர, நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் இடத்திலிருந்து பசைக்குழாயை எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டார். எந்தப் பக்கம் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது கணவர் ஓட்டும் பேருந்து. அதன் முகப்பில் கட்டும் கொடி, வண்டி ஓடும்போது பின்னால்தானே பறக்கும்.

"ரெண்டு வருஷம் கழிச்சு மாடியில துணி காயப்போடுறேன். போர்வை பொடைச்சுக்கிட்டு நிக்குது. பக்கத்துல அவர் சட்டை, துண்டு, எல்லாம் அதே பக்கம் பறக்குது. அப்பத்தான் மண்டையில உறைச்சுது. பஸ்ஸு காத்தை முட்டிக்கிட்டுப் போகுது, கப்பலைக் காத்துல்ல தள்ளிக்கிட்டுப் போகுது! அப்படியே உக்காந்துட்டேன். இவரு வந்து, 'என்னடி, கப்பலே கவுந்துட்ட மாதிரி உக்காந்திருக்க?'ங்கறாரு. கவுந்திருந்தாகூடப் பரவால்லைங்க, கொடியைத் திருப்பி ஒட்டிட்டேன்னேன். ஒண்ணும் புரியல அவருக்கு. சோத்தைப் போடுன்னுட்டாரு."

அதற்குள் திரும்பி வந்தவளின் படம் நுழைவுச்சீட்டில் ஏறிவிட்டது. தபால் அட்டையில், துணிப்பையில், மேடத்தின் கடிதத் தாளில் எல்லாம் பின்னோக்கிப் பறந்தது அக்காவின் கொடி. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அக்காவும் வாயைத் திறக்கவில்லை.

"இப்பவும் சொல்லாம இருந்துடலாம்க்கா" என்றேன். அவருக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பஞ்சுக் குச்சியில் வந்த அழுக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கடலுக்குப் போகாதவன்னு எழுதி வெச்சா, அது அப்படியே நின்னுடும் தம்பி. வந்து மறுத்துப் பேச அவன் இருக்கானா?"

மேடத்தின் அறையில் நிபுணர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா கூடத்துக்கு வரும்படி இருவரையும் கையால் அழைத்தார். அந்தத் தோரணையில் அவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். பெட்டி திறந்திருந்தது. கப்பலின் பின்பக்க மேல்தளத்தில், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே, தூரிகையின் காம்பால் ஓரிடத்தைத் தொடாமல் காட்டினார்.

"இங்க பாருங்க சார்."

நிபுணர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒரு நூல். நூலில் ஒரு சட்டை, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். மெல்லிய மரச்சீவலில் செய்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று நாட்களும் அவர் பார்த்தது மேலே.

"காயப்போட்டிருக்கான் சார். கை ரெண்டும் எந்தப் பக்கம் பறக்குது?"

நிபுணர் பூதக்கண்ணாடியைச் சட்டைக்கும் பாய்க்குமாக மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்.

"முன்பக்கம்" என்றார் கடைசியில்.

"பாய் எந்தப் பக்கம் பொடைச்சிருக்கோ, அந்தப் பக்கம். அவனுக்குக் காத்து தெரியும் சார். தெரியாதவ நான். கொடி கழண்டு விழுந்துச்சு, நான்தான் மாத்தி ஒட்டினேன்."

மேடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னா இந்தக் கூடத்துலேருந்து எடுத்துடுவீங்க மேடம்."

"இப்ப மட்டும் எடுக்க மாட்டோமா?"

"எடுப்பீங்க. ஆனா இப்ப பழி வேற ஒருத்தன் மேல போகுதே மேடம்."

நிபுணர் அன்று சாயங்காலமே சீட்டை மாற்றி எழுதித் தந்தார். தட்டச்சு செய்த தாளை அக்காவிடம் கொடுத்தேன். 'இதைச் செய்தவர் கடலை நன்கறிந்த மாலுமியாக இருக்க வேண்டும் என்பதற்கு, பின்தளத்தில் உலரும் சட்டையே சான்று. கொடி பிற்காலத்தில் தவறாக ஒட்டப்பட்டது.'

இரண்டு முறை வாசித்தார். "பிற்காலம்னா நான்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, வளையல்களை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "யாரு துவைச்சாங்கன்னு தெரிஞ்சுபோச்சு பாருங்க. அவனவனே துவைச்சிருக்கான்" என்றார்.

மேடம் நல்லவர். ஆனால் விதி விதிதான். மறுவாரத்திலிருந்து அக்காவுக்கு மாடிப்படி, கழிப்பறை.

கப்பல் கூடத்துக்கு ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வருகிறார். நடுத்தர வயது, கவனமான கை. அக்கா விட்டுச்சென்ற தூரிகையைத்தான் பயன்படுத்துகிறார். கொடியை நிபுணரே நேராக்கிவிட்டார். இப்போது அது பாய்களும் சட்டையும் பறக்கும் பக்கமே பறக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை அந்த ஆள் திரும்பி வந்தவளின் பெட்டியைத் திறந்தபோது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், படிக்கட்டின் கடைசிப் படியில், ஈரத் துடைப்பத்தைப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார். தூரிகை கயிறுகளுக்குள் நுழைந்தது. அக்காவின் கன்னங்கள் உப்பின. தூரிகை உச்சியிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கி, பின்தளத்தின் மேல் தயங்கி, அடியைத் தொட்டு, வெளியே வந்தது. அதன் பிறகே அக்கா, அவ்வளவு தூரத்தில் நின்றபோதும், தலையை அப்பால் திருப்பி, தோள் பக்கமாக மூச்சை விட்டார்.