பேஸ்மென்ற் அங்கிளும் என் கதையும்

தயவுசெய்து இதை வேறு யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அண்ணாவின் கம்ப்யூட்டரில் ஒளித்திருந்து எழுதுகிறேன்.

இங்கிலீஷ் வகுப்பில் மர்மக் கதை எழுதச் சொன்னார்கள். எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் அங்கிளை வைத்து எழுதினேன். மேலே வந்து எங்களோடு ரிவி பார்ப்பார். போன் அடித்தால், நாங்கள் எடுக்கும் முன்பே ரிவிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். எழுதியது அவ்வளவுதான்.

இன்று ரீச்சர் சொன்னார்: “அவன் கெட்டவன் என்று நீ எங்கேயும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.”

அந்தப் பெருமையில், வீட்டுக்கு வந்ததும் கதைக் கொப்பியை ரிவிக்குப் பக்கத்து மேசையிலேயே விட்டுவிட்டேன். அங்கிளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருடைய கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன்.

பின்னேரம் போன் அடித்தது. அங்கிள் அசையவில்லை.

“தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ,” என்றார் அம்மா.

“ஓம் அக்கா, கவனிக்கேல்லை,” என்றவர் என்னைப் பார்த்தார். “பிள்ளை, நீர் நல்லாக் கதை எழுதுவீராம்.”

“ஆர் சொன்னது, அங்கிள்?”

“கொம்மாதான்.”

அம்மாவிடம் நான் கதையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

நான் கவனிப்பது அவருக்குத் தெரிந்துவிட்டதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ரீச்சர் கேட்டால், முடிவு இன்னும் எழுதவில்லை என்று சொல்லுங்கள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவும் அண்ணாவும் ஒருநாளும் தட்டிவிட்டு வருவதில்லை.