சிவப்புப் பலகையும் மிச்சப் படங்களும்

வெயிலில் சூடேறிய புதுப் பெயிண்டின் மணம்... அதோடு துறைமுகப் பக்கமிருந்து வரும் டீசல் மணம். அந்த மத்தியானத்தை நினைத்தால் முதலில் மூக்கில்தான் வருகிறது.

நண்பர்களே, இதை போனில் ஒற்றை விரலால் மெல்ல மெல்லத் தட்டி எழுதுகிறேன். நேற்றுத் தொடங்கியது. பரவாயில்லை, சந்தோஷமாக இருக்கிறது.

அது நாட்டில் சண்டைக் காலம், துறைமுகப் பக்கமெல்லாம் ராணுவக் காவல். கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிலிம் றோல் காலம். கல்யாண றோலில் கடைசியில் சில படம் மிஞ்சினால் அது பிடித்தவனுக்கு. முதலாளி கேட்கமாட்டார்.

அந்த மிச்சப் படங்களில் நான் பிடித்ததெல்லாம் பெயர்ப்பலகைகள். கடை, ஆஸ்பத்திரி, பஸ், எதுவானாலும் சரி. தமிழ் எழுத்து சுருண்டு கிடக்கும். சிங்களம் உருண்டு நிற்கும். இங்கிலீஷ் விறைத்துக்கொண்டு நிற்கும்... ஞாயிற்றுக்கிழமைகளில் என் கூட்டாளி நிஸாமையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் என்று சுற்றுவேன். ஒருமுறை ரயிலேறி மாத்தறை வரைக்கும் போனோம். நிஸாமுக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடையில் வேலை.

"ஊரெல்லாம் கடலப் பாக்குது... இவன் கட போர்டப் பாக்கிறான்" என்று சிரிப்பான்.

எழுத்து ஏன் எனக்குச் சித்திரமாகத் தெரிந்தது என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு மொழியிலும் தெரியாது. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. அடையாள அட்டையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் பெருவிரல் ரேகை இருந்தது. யாருக்கு அட்டையைக் காட்டினாலும் அந்த இடத்தை விரலால் மறைத்துத்தான் பிடிப்பேன்.

அன்றைக்கு எங்கள் ஸ்டூடியோவில் படத்துக்குச் சொல்லியிருந்த ஜெசிந்தாவின் கல்யாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்தவர். உடனே திரும்ப வேண்டும். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சருக்குக் கல்யாணப் படங்கள் முக்கியம். "அண்ணை, தாலி கட்டுறதும் கையெழுத்து வைக்கிறதும் வடிவாத் தெரியோணும். அதப் பாத்துத்தான் விசா குடுப்பினமாம்" என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டாள். எல்லாம் பிடித்தேன். றோலில் கொஞ்சம் மிஞ்சியது.

வெளியே நிஸாம் காத்துக்கொண்டிருந்தான். இருவரும் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. பஸ்ஸுக்கு நடக்கும் வழியில், துறைமுகப் பக்கத்து மதிலில் அந்தப் பலகை... வெள்ளையில் சிவப்பு எழுத்து. மூன்று மொழி. பெயிண்ட் இன்னும் மினுங்கியது. நிஸாம் சிகரெட் வாங்கக் கடைக்குள் போயிருந்தான். நான் கமராவைத் தூக்கி ஒன்று பிடித்தேன்.

"ஏய்!"

இரண்டு சிப்பாய்கள் ஓடிவந்தார்கள். பின்னால் ஒரு சார்ஜன்ட். கமரா என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது. இதற்குப் பிறகு அவரோடு பேச்சு எல்லாம் சிங்களத்தில்.

"எங்களோடு விளையாடுகிறாயா? படம் பிடிக்காதே என்று போட்டிருக்கிறது. அந்தப் பலகையையே படம் பிடிக்கிறாய்!"

இருக்கிற பலகையெல்லாம் விட்டு இதையா...

"கல்யாணப் படம் உள்ளே இருக்கிறது, மாத்தயா" என்றேன், ஐயா என்று கெஞ்சுவதுபோல.

"கல்யாணமோ கருமாதியோ. பிலிமை இழுத்து எடு."

றீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்மூடி திறந்துவிடும். வெளிச்சம் பட்டால் ஜெசிந்தாவின் தாலி, கையெழுத்து, விசா எல்லாம் போய்விடும். அவர் விரல் அந்தக் குமிழில் இருந்தது.

நிஸாம் ஓடிவந்து என் காதில், "மச்சான், செவப்பு பெய்ன்ட்ல கொட்ட எழுத்துல போட்டு ஈக்கி, நீ என்னத்தப் பாத்தாய்?" என்றான்.

"மாத்தயா, எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

சிப்பாய் சிரித்தான். என் இஸ்திரி போட்ட ஷேர்ட், சட்டைப்பையில் பேனை... நிஸாமே நம்பவில்லை. "பொய் செல்லாத மச்சான், அவருக்கு இன்னும் கோவம் வரும்" என்று என் கையைக் கிள்ளினான்.

சார்ஜன்ட் குமிழை இழுக்கத் தொடங்கினார். நான் அட்டையை எடுத்து நீட்டினேன். விரலை நகர்த்தினேன்.

அவர் அந்த ரேகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிஸாமும் பார்த்தான்... அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அப்படியென்றால் எதற்குப் படம் பிடித்தாய்?"

"வடிவாக இருந்தது, மாத்தயா."

சார்ஜன்ட் குமிழைத் திரும்ப அமுக்கினார். "சிவப்பில் எழுதியிருந்தால் முதலில் யாரிடமாவது கேள், மல்லி" என்று தம்பி முறை சொல்லிக் கமராவை என் நெஞ்சோடு வைத்துத் தந்தார்.

வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தோம். இறங்கி நடந்தபோது நிஸாம் தனக்குத்தானே சொல்வதுபோல, "பேக்கரி... பல் டொக்டர்... இங்கே குப்பை போடாதே..." என்று வாசித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அப்படித்தான். ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஜெசிந்தா கனடா போய்விட்டாள். பலகைப் படம் என் பெட்டியில் இருக்கிறது. அந்த மதிலடியில் இப்போது பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். யாரும் ஓடிவருவதில்லை.

இந்த வருஷம் எங்கள் பிளட் வீட்டுக்கு மேல்மாடி ரீச்சர் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார். பெட்டியைத் திறந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். மாத்தறை வரைக்கும் போய்ப் பிடித்த அழகான பலகை, 'இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது'!

போன ஞாயிறு நிஸாமும் நானும் வெள்ளவத்தை பஸ் ஹோல்டில் நின்றோம். அவனுக்கு இப்போது கண்ணில் புரை படர்ந்துவிட்டது. தூரத்தில் பஸ் வந்தது.

"போர்டப் பாத்துச் செல்லு மச்சான்" என்றான்.

"பு... ற... க்... கோ..." என்று தொடங்கினேன். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

நிஸாம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான். அடுத்த பஸ்ஸையும் நான்தான் வாசிப்பேன், வேறு யாரிடமும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.