நான் நின்றுபோன வரி

போன கிழமை நிலாவெளி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் சட்டைப் பையிலிருந்து சுருட்டு மணம் வந்தது. பற்றவைக்காத சுருட்டுத்தான். ஆனாலும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்து, கை இரண்டும் கட்டிக்கொண்டன. எண்பதை நெருங்குகிற கிழவன் பஸ்ஸுக்குள் கைகட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்தாரோ தெரியாது.

எங்கள் பங்குச் சுவாமியார் சுருட்டுப் பிடிப்பார். கலியாணம் பேசி முடித்தவர்கள் அவருடைய பங்களாவுக்கு ஒரு சனிக்கிழமை போய், மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் ஒப்புவிக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மூன்று ஞாயிறு பூசையில் பெயர்களை அறிவிப்பார். அறிவித்தால்தான் கலியாணம். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் எவ்வளவு பெரிய உத்தியோகம் பார்த்தவரும் அந்த விறாந்தையில் கைகட்டித்தான் நின்றார். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போன புதிது அது. நான் இழுவைக் கப்பலில் வேலை செய்தேன். பெரிய பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டுகிறவன் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

எனக்குப் பார்த்திருந்த ரோசலின் ஞானோபதேசத்தில் பரிசு எடுத்தவள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களும் எப்படி ஒரே கடவுள் ஆவார்கள் என்பதில் தொடங்கி, தேவதிரவிய அனுமானம் ஏழு, கடவுள் இட்ட கற்பனை பத்து என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சுவாமியார் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். பிறகு என் முறை. நானும் மோசமில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில், ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லச் சொன்னார்.

சிறு பிள்ளைகளுக்கும் பாடமான செபம். தொடங்கினேன். எங்களுக்குப் பிழை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்களையும் பொறுத்தருளும் என்று கேட்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"மேல சொல்லும்."

அவருடைய சுருட்டு நுனியையே பார்த்தேன்.

"அடுத்த சனி வாரும்."

அடுத்த சனியும் அதே இடத்தில்தான் நின்றேன். சுவாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைய ஞாயிறு போனால் விபூதிப் புதனுக்கு முன் மூன்றே ஞாயிறுதான் மிச்சம். தவக்காலம் தொடங்கினால் கலியாணம் இல்லை. வருகிற சனியும் தவறினால் எங்கள் கலியாணம் உயிர்த்த ஞாயிறு தாண்டிப் போய்விடும். அதுவரை காத்திருக்க ரோசலினின் தாய்க்கு மனமில்லை. "செபம்கூடப் பாடமில்லாத மொக்கனுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது" என்று சொல்லிவிட்டார். வேறு இடத்தில் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

விசயம் துறைமுக வாசல் வரை போய்விட்டது. கூட வேலை செய்கிறவர்கள் தேநீர்க் கடையில் என்னை நிறுத்திவைத்து அந்தச் செபத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைக்காரர் காசிம் நானா கிண்ணியாக்காரர். ஆற்றுகிற தேநீரை நிறுத்திவிட்டு, "தம்பி, கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாப் போச்சு. உமக்கு என்ன நடந்தது?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

ஏனென்றால் எனக்கு அது மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அப்பு நிலாவெளியில் செத்தபோது நான் காங்கேசன்துறைக் கடலில் இருந்தேன். திரும்பி வந்தபோது மண் மூடி மூன்று நாள். அண்ணன் மரியதாஸ் எனக்காக ஒரு இரவுகூடக் காத்திருக்கவில்லை. அன்றோடு அவருடன் கதையை விட்டேன். பொறுக்காத ஒருவன் பொறுத்துவிட்டேன் என்று கடவுளுக்கே பொய் சொல்வதா? தனியாகக் கப்பலில் இருக்கும்போதுகூட அந்த இடத்தை விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். அதை வெளியே சொல்லவும் வீம்பு விடவில்லை. மொக்கன் என்ற பெயரே பரவாயில்லை என்று இருந்தேன், பாருங்கள்.

இரண்டாம் முறையும் தோற்று வெளியே வந்தபோது ரோசலின் மாதா சிலை வைத்த கெபியடியில் நின்றாள். கலியாணத்துக்கு முன் பெண் அப்படி வழியில் நின்று கதைப்பது அந்த நாளில் பெரிய துணிச்சல்.

"உங்களுக்கு உண்மையாத் தெரியாதோ?"

சொன்னேன். எல்லாவற்றையும் அவளுக்குத்தான் முதலில் சொன்னேன்.

"அப்ப சொல்லாதேங்கோ. பொய் சொல்லி என்னைக் கட்ட வேண்டாம்."

போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் சனி பங்களாவுக்குள் நுழைந்தால், படிக்கட்டில் அண்ணன் இருக்கிறார். கரைவலை இழுத்த கையோடு வந்திருக்கிறார். உடுத்திருந்த சாரம் ஈரம், முழங்காலில் மணல். ரோசலின் வியாழக்கிழமையே தாயையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி நிலாவெளிக்குப் போயிருக்கிறாள். "உங்கட தம்பி மந்திரத்தில உங்களில வந்து நிக்கிறார்" என்று மட்டும் சொன்னாளாம்.

அண்ணன் எழும்பினார்.

"தம்பி, அப்புவின்ர முகத்தை உனக்குக் காட்டாமல் தாட்டது என்ர பிழைதான். கடும் வெக்கை, வைச்சிருக்கேலாது எண்டு ஆக்கள் சொல்லச் சொல்லப் பயந்திட்டன். உனக்கு ஆள் அனுப்பியிருக்க வேணும். அதையும் செய்யேல்லை."

இரண்டு வருடமாக அவருக்கென்று சேர்த்துவைத்த ஏச்சுகள் எவ்வளவோ இருந்தன. அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவாமியார் முன் போய் நின்று, அவர் கேட்க முன்னமே தொடங்கினேன். அந்த இடம் வந்தது. கப்பலில் கயிறு எறிகிறவன் கத்துகிற குரலில் சொன்னேன். விறாந்தைக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. சுவாமியாரின் வெள்ளை அங்கியில் சுருட்டுச் சாம்பல் கொட்டியது. ஆமென் வரை நிற்கவில்லை.

"இதை வைச்சுக்கொண்டே இரண்டு கிழமை ஊமையா நிண்டனீர்?"

காரணத்தைச் சொன்னேன். சுவாமியார் முதல் தடவையாகச் சுருட்டைக் கீழே வைத்தார்.

"எத்தினை சோடி இந்த இடத்தில நிண்டு கடகடவெண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கு. நானும் தலையாட்டி விட்டனான்" என்றார். பிறகு, "நாளைக்கே முதல் அறிவித்தல்" என்றார்.

விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்னர், திங்கட்கிழமை, எங்கள் கலியாணம். அப்புவின் இடத்தில் அண்ணன் நின்றார். காசிம் நானா கடையைப் பூட்டிவிட்டு இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு வந்து, "மாப்பிள்ளை பாசாயிட்டாரா?" என்று வாசலிலேயே கேட்டார். மாமிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். கடலில் எந்தக் கப்பலைக் கட்டியபோதும் எனக்கு அன்றைய பெருமை வந்ததில்லை.

அண்ணன் போய்விட்டார். சுவாமியார் போய்விட்டார். பங்களா இருந்த இடத்தில் மண்டபம். கலியாணத்துக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்து, அச்சடித்த தாள் கொடுக்கிறார்கள். யாரையும் நிறுத்திவைத்துக் கேட்பதில்லை. கோயிலில் ஓர்கன் வாசிக்க அந்தச் செபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். நடுவில் ஒருவன் நின்றாலும் இப்போது யாருக்கும் தெரியாது.

அந்த வரியில் மட்டும் என் குரல் இன்னும் தனியாக உயரும். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ரோசலின் முழங்கையால் இடிப்பாள். இடிக்கட்டும்.