வகுப்பில்லாத சித்தி

நினைவு மலர்களில் எல்லாரும் நல்லவர்களாகவே இறந்திருக்கிறார்கள். கைக்கு வரும் எந்த மலரையும் நான் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன். அண்ணனின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இதையும் நீங்கள் அப்படியே வாசிக்கலாம். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வாழ்வில் ஒரு பாதி, மற்றவர்கள் அவரைச் சந்தேகித்த காலம். மறு பாதியில் சந்தேகிப்பதே அவருக்குத் தொழிலாயிற்று.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைப் பனிமூட்டம் இறங்கி வந்து லயமெனும் வரிசைவீடுகளின் கதவுகளை உளவு பார்த்துவிட்டுப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அண்ணன் தலைப்பிள்ளை, நான் ஒரே தங்கை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த பிறகு, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று, எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் "நீ எந்த நாட்டு ஆள்?" என்று எங்களைக் கேட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் அண்ணன் பல்கலைக்கழகம் போனார். எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போன முதல் பிள்ளை அவர்தான். தோட்டத்துத் தொரையாகத் திரும்பி வருவார் என்று லயமே லொறியடி வரை வந்து வழியனுப்பியது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மழைநாளில், தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"என்னடா ஆச்சு?" என்றார் அப்பா.

"சித்திதான்ப்பா."

அடுப்படியிலிருந்து அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "எந்தச் சித்தி? கண்டிக்காரியா? ஐயோ, அவளுக்கு என்னடா?"

பரீட்சையில் தேறுவதைப் பத்திரிகைகள் சித்தி என்று எழுதும். எங்கள் லயத்தில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை, அவ்வளவுதான். அண்ணனுக்கு முதல் வகுப்பும் இல்லை, இரண்டாம் வகுப்பும் இல்லை; வெறும் சாதாரண சித்தி. பாஸ் என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஆனால் 'பாஸ்' என்ற சொல்லில் ஒரு வெடிச்சத்தம் இருக்கிறது. தன் பரீட்சைப் புள்ளிகளுக்கு அந்தச் சத்தம் தகாது என்று நினைத்து, பத்திரிகைத் தமிழுக்குள் ஒளிந்துகொண்டார்.

ஒளிந்தால் தேடுவார்கள் அல்லவா?

"பாஸான புள்ள ஏன்டி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியிது?"

"பாஸாவது கீஸாவது! காலேஜுக்கே போகலியாம். கண்டியில ஏதோ கடையில நின்னுச்சாம்."

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இப்படிப் பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டுமே நம்பினார். அவர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று கண்டிச் சித்திக்கு ஒரு தபால் போட்டுச் சுகம் விசாரித்துக்கொண்டார்.

வேலை தேடிப் போன இடங்களில் நடந்தது இதைவிட விசித்திரம். கேட்பதற்கு முன்பே "வகுப்பு இல்லீங்க" என்று அண்ணன் சொல்லிவிடுவார். எதிரே இருப்பவர் நாற்காலியில் சற்றுப் பின்வாங்குவார். குறையை இவ்வளவு அவசரமாகச் சொல்கிறவன் இன்னும் எதை மறைக்கிறானோ என்று அவர் கண் அண்ணனைத் துழாவும். உண்மையும் நேரங்கெட்டுச் சொன்னால் கள்ளத்தனம் போலத்தான் தெரியும்போலிருக்கிறது. மழை விட்டது, மறுபடி வந்தது, வேலை வரவில்லை.

கடைசியில் மாத்தளை நகரத்தில், மிளகும் ஏலமும் கொக்கோவும் வாங்கி விற்கும் ஹாஜியாரின் கடைப்படியில் ஏறினார். அன்று நடந்ததை இருவர் வாயிலிருந்தும் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனதால் மட்டுமே நம்புகிறேன்.

"என்ன படிச்சீங்க தம்பி?"

"பி.ஏ.ங்க."

ஹாஜியார் எழுந்து நின்றுவிட்டார். "பி.ஏ. படிச்சவருக்கு மிளகுக் கடையில என்ன வேல? உண்மயச் செல்லுங்க. வருமான வரி ஒஃபிஸால வந்தீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்ப எனத்துக்கு இங்க வந்த?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "சித்தியாலதாங்க."

ஹாஜியாரின் மூத்த மகளுக்குப் பெயர் சித்தியில் தொடங்கும். முஸ்லிம் வீடுகளில் அப்படிப் பெயர் வைப்பது வழக்கம். வீட்டிலும் கடையிலும் அந்தப் பிள்ளை வெறும் சித்திதான். பாவம், அண்ணனுக்கு இது எங்கே தெரியும்?

"எந்தச் சித்தி?" என்றார் ஹாஜியார், குரலை இறக்கி.

"சாதாரண சித்திதாங்க."

"என்ட மகள் சாதாரணமா? எறங்குங்க படிய விட்டு!"

மூட்டை தூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். தெருவில் இறக்கிவிடப்பட்ட பிறகுதான் அண்ணனுக்கு ஏதோ உறைத்தது. மூன்று வருடப் படிப்பையும் ஒரே மூச்சில் கூவினார்: "பாஸுங்க! பாஸ்! கிளாஸ் இல்லாத பாஸ்!"

கடை முழுக்கச் சிரித்தது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

"பாஸ் பண்ணின புள்ள ஏன் கள்ளன் மாதிரித் தலயக் குனியணும்?"

"கொறஞ்ச பாஸுங்க."

"கொறஞ்சதா, கூடினதா எண்டு நான் கேட்டேனா?"

"கேக்கலீங்க."

"அப்ப ஏன் சென்னீங்க?"

அண்ணன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "நாளைக்கு வாங்க. ஆனா என்ட கண்ணுக்கு முன்னாலதான் இரிக்கணும்" என்றார் ஹாஜியார்.

இப்படித்தான் எங்கள் பட்டதாரியின் உத்தியோகம் ஆரம்பித்தது. கொடுக்கப்பட்ட வேலை, தரம் பார்ப்பது. மூட்டையின் வாயில் மினுங்கும் மிளகை நம்பக் கூடாது; முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ள வேண்டும். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு தாழும், பதரும், மிளகுபோலவே இருக்கும் பப்பாசி விதையும் மிதக்கும். அண்ணன் கையை எடுத்ததும் அதே மூட்டைக்குள் ஹாஜியார் தன் கையை விடுவார். அண்ணன் பார்க்காதவர்போல ஏலச் சாக்குகளின் பக்கம் திரும்பிக்கொள்வார். பல வருடங்கள் இப்படியே போயின. அதற்குள் கல்யாணம் ஆயிற்று, அண்ணி வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த இரண்டாவது கை மட்டும் நிற்கவில்லை.

முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரண்டுதான் அந்தக் கடையில். அதற்குக் கீழே வந்ததைக் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே 'கழிவு' என்பார்கள். அண்ணனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது சித்தி" என்பார். வகுப்பு இல்லை, ஆனாலும் தேறியது, கடை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். கிடைத்த பஸ்ஸில் மலைக்கு அப்பாலுள்ள லக்கலவிலிருந்து தொங்கிக்கொண்டு வரும் சிங்கள விவசாயிகளும் சாக்கை அவிழ்த்து, "மாத்தயா, மேக சித்தித?" என்று கேட்கத் தொடங்கினார்கள். இது சித்தியா, ஐயா? அந்தத் தெருவில் மிளகுக்கு மூன்றாவது ஒரு தரம் பிறந்துவிட்டது.

பிறகு அந்த நாள் வந்தது. கொழும்புக்கு அனுப்பிய முதல் தர மிளகு திரும்பி வந்தது, பப்பாசி விதையோடு. அண்ணன் பார்த்துத் தைத்து அனுப்பிய மூட்டைகள். தராசடியில் பேச்சு நின்றது, தேநீர் வரும்போது அண்ணனைத் தாண்டிப் போனது. இந்தக் கடைப்படி போனால் ஏறுவதற்கு இன்னொரு படி கிடையாது என்று அண்ணனுக்குத் தெரியும். வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஹாஜியார் எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்: "தம்பி, நீங்க தைக்கக்குள்ள இந்த விதை இரிந்திச்சா?"

"இல்லீங்க."

"சரி. வேலயப் பாருங்க."

தராசடியில் நின்ற ஒருவர், "இவர் வாயால சென்னாப் போதுமா ஹாஜியார்?" என்றார்.

"போதும். பொய் செல்லத் தெரிஞ்ச ஆளெண்டா, அண்டைக்கே மொதக் கிளாஸ் எண்டு செல்லியிருப்பாரு. நான் எந்தக் கெம்பஸுக்குப் போய்ப் பாக்கப் போறேன்?"

அன்றிலிருந்து அண்ணன் பார்த்த மூட்டைக்குள் ஹாஜியார் கை விடவில்லை. விதையைக் கலந்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. எனக்குச் சிலர் மேல் சந்தேகம் உண்டு. அவர்களில் ஒருவர் சாவு வீட்டுக்கு வந்து மிக நன்றாக அழுதார்.

மிளகுத் தூசி அண்ணனின் நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்திருந்து, ஒவ்வொரு மருந்துப் போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டே குடிக்கவிட்ட ஹாஜியாருக்கும், அண்ணிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் மகள் சித்திக்கும், பாடை சுமந்த கடைத் தோழர்களுக்கும், லக்கலவிலிருந்து நடந்தே வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகள் கூப்பியபடியே இருக்கின்றன.

இந்த மலரின் முகப்பில் 'சிவபதம் எய்தினார்' என்று போடச் சொன்னார்கள். நான் 'சித்தியடைந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். அது சாமியார்களுக்கு எழுதுவதாயிற்றே என்று அச்சகத்தில் சந்தேகப்பட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

வீட்டில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர், எந்தச் சித்தி என்று கேட்கவில்லை.