இல்லை என்று சொன்ன மாத்திரை

ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நசருல்லா கிரேன் ஓட்டினான். ரத்தக் கொதிப்புக்கு அவன் மாத்திரை சாப்பிடுவது மனைவி முனவர் பேகத்துக்கு மட்டுமே தெரியும். விஷயம் வெளியே போனால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், பிறகு வேலையே போய்விடும், மத்தூரில் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும் என்று அவளுக்குப் பயம்.

1988இல் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர் ஆஞ்சப்பனும் துணைக்கு வந்திருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கேட்டார்.

"தினமும் சாப்பிடற மாத்திரை ஏதாச்சும் இருக்கா?"

நசருல்லா மனைவியைப் பார்த்தான். அவள் ஆஞ்சப்பனைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் முனவர்.

முதுகில் ஊசி போட்டு உள்ளே கத்தி வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நர்ஸ் வெளியே ஓடி வந்தாள். முனவர் அவள் கையைப் பிடித்தாள்.

"பிரஷர் இறங்கிட்டே போகுதும்மா. நாடியும் ஏறவே மாட்டேங்குது. விடுங்க, குளுக்கோஸ் எடுக்கணும்."

முனவர் போய் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தட்டினாள். டாக்டரம்மா தலையை நீட்டினார்.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறாருங்க. இன்னிக்குக் காலையிலகூட நாந்தான் குடுத்தேன்."

பையிலிருந்த மாத்திரை அட்டையை நீட்டினாள். பெயரைப் படித்ததும் டாக்டரம்மா உள்ளே ஓடினார். ஆஞ்சப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

நசருல்லா பிழைத்தான். ஆபத்து நீங்கிய பிறகு டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "மரத்துப்போற ஊசி போட்டா ரத்தக் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும்மா. இதயம் வேகமா அடிச்சு அதை ஈடுகட்டப் பார்க்கும். இந்த மாத்திரை அப்படி வேகமா அடிக்க விடாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் தயாரா இருந்திருப்பேன்."

ஆஞ்சப்பன் திட்டவில்லை. "இதுக்கா மறைச்சீங்க? கேட்டிருந்தா கிரேன விட்டு எடுத்து ஸ்டோர்ல வேலை போட்டிருப்போமே" என்றார். சொன்னபடியே போட்டும் கொடுத்தார். அதுதான் முனவரை இன்னும் வாட்டியது. நடக்காத ஒன்றுக்குப் பயந்து புருஷனைச் சாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களோ, கதவைத் தட்டி உயிரைக் காப்பாற்றினாள் என்று புகழ்ந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் நசருல்லா பின்னாலேயே வந்தான்.

"ஏன் அழுவற?"

"நாந்தான உங்கள அந்த நெலமைக்குக் கொண்டுபோனேன்."

"நானுந்தான் வாயத் தொறக்கல. விடு."

அவன் அதோடு விட்டுவிட்டான். அவளால் முடியவில்லை.