பதினொரு சதவீதத்தில் நின்ற சர்வர்

சர்வரின் கர்னலை விடுமுறை நாளில்தான் மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அதை நம்பி இருக்கக் கூடாது. இந்த விதியைப் பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியவன் நான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தேவாலா பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில், நானே அதை மீறினேன்.

ஏன்? ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டர் ஆபரேட்டருக்கு லீவு. மழைக்காலத்தில் எங்கள் மலையில் கரண்ட்டை நம்பி... சரி, விடுங்கள்.

கர்னல் என்பது ஒரு கம்ப்யூட்டருக்கு அஸ்திவாரம் மாதிரி. அங்கிருந்தது ரொம்பப் பழசு. புதிதாக வாங்கிய மருத்துவ மென்பொருள் அதன் மேல் ஓட மறுத்தது. ரிட்டயர் ஆனவர், சும்மாதானே இருக்கிறார் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சர்வர் இருப்பது மர அலமாரிக்குள். பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும் – இங்கே துணி அலமாரிக்கும் அதே வைத்தியம்தான். பல்புக்கும் சர்வருக்கும் ஒரே ஸ்விட்ச். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. எல்லாவற்றையும் பார்த்தேன். ‘அரை மணி நேர வேலைதானே’ என்று உட்கார்ந்தேன்.

புது கர்னல் பாதி ஏறியிருந்தது. அலமாரி இருட்டானது.

“ஏனுங்க சார், பத்து நாள் கழிச்சு வெயில் வந்துருச்சேன்னு பல்பை அணைச்சேனுங்க” என்றார் ஆயா சரோஜா.

திட்ட வாய் திறந்தேன். அதற்குள் கொழுந்து பறிக்கும் மாரியாயியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு வலி.

சிஸ்டர் ஈசிஜி எடுத்து, கோவை டாக்டருக்குப் போனில் படம் அனுப்பினார். ஸ்பீக்கரில் டாக்டர் குரல்: “போன வருஷ ஈசிஜி இருக்கா? இந்த மாற்றம் புதுசுன்னா இப்பவே ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போடணும். பழசுன்னா போடக் கூடாது. ரத்தக் கசிவு ஆயிடும்.”

போன வருஷ ஈசிஜி சர்வரில் இருந்தது.

“பேக்கப் எடுத்தீங்கதானே சார்?” என்றார் சிஸ்டர்.

எடுத்தேன். வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருந்தேன் – ஊட்டியில், என் வீட்டில்!

ஸ்விட்சைத் திரும்பப் போட்டும் புது கர்னல் எழவில்லை. நல்லவேளை, பழையதை நீக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தேன். திடீரென்று அணைந்ததால் முதலில் டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. நான்கு சதவீதம்... ஒன்பது... பதினொன்று. அப்படியே நின்றது.

“சார், அந்தப் பொட்டி செத்துப் போச்சா?” – கட்டிலிலிருந்து மாரியாயி.

“இல்லம்மா, இருக்கு.”

“நானும் இருக்கேன். பதறாமப் பாருங்க.”

பதினொன்று... பதினொன்று... விதி தெரியாதவன் பயந்து பயந்து வேலை செய்கிறான். முழுக்கத் தெரிந்தவனுக்குத்தான், எதை மீறினாலும் சமாளிக்கலாம் என்ற திமிர்.

பன்னிரண்டு. நாற்பது. தொண்ணூறு.

பழைய ஈசிஜி திறந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. “அப்ப இது புதுசு. ஊசியைப் போடுங்க!” என்றார் டாக்டர். ஊசி போட்டு, மாரியாயியை ஆம்புலன்ஸில் அவர் மகனோடு கோவைக்கு அனுப்பினார்கள்.

மகனுக்கு மெசேஜ் அனுப்பினேன்: ‘அம்மா எப்படி இருக்காங்க?’ புதன் பதில் இல்லை. வியாழன் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மாரியாயியின் குரலேதான்: “சார், இங்க கஞ்சியில உப்பே போட மாட்டேங்கறாங்க!”

அன்று ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. பாதியில் நின்ற கர்னலை ஏற்ற அடுத்த விடுமுறை ஞாயிறுதான் – தேதி பதினொன்று.