ஆல்மோஸ்டி

பஸ்ஸிலிருந்து இறங்கி, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பண்ணைப்புரத்தில் என் நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரு மாலை. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மகள் உடனே என்னிடம் ஓடி வரவில்லை. அத்தை பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, "ஆல்மோஸ்டி போச்சு!" என்றாள். நாத்தனார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "போயே போச்சு!" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் இருவருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு விளையாட்டு நான் வந்ததால் கெட்டுப்போனது என்றுதான் எனக்குப் பட்டது. அவளைத் தூக்கியபோது நெஞ்சுக்குள் புளித்தது.

நாத்தனார் என் கணவரின் அக்கா. பி.எஸ்ஸி. முடித்தவர், வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். மகன்கள் இருவரும் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தார்கள். நான் தேனியில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்ததால் பகலெல்லாம் மகள் அவரிடம்தான். இங்கிலீஷில் இல்லாத வார்த்தைகளை உண்டாக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஆடிக் காற்றில் கரண்ட் வந்து வந்து போனால் 'கமிங்கோ' என்பார். அளவு ஜாக்கெட் கொடுக்காமலே புது ஜாக்கெட் தைக்கச் சொல்லும் பெண்களுக்கு 'கெஸ்ஸம்மா' என்று பெயர். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு நான் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தையும் மகளிடம் ஒட்டவில்லை. அத்தையின் வார்த்தைகள் மட்டும் ஒட்டின.

மகள் பிறந்தபோது அவள் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு சேனை வைத்தவரும் அவர்தான். சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாத்தனாரே வைக்கட்டுமா என்று மாமியார் கேட்டபோது நான்தான் தலையாட்டினேன். என் அம்மாவைச் சொல்லியிருக்கலாமோ என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மகள் எதற்காவது வாயாடினால், "பேசுறது அவ இல்லத்தா, எஞ்சேனை" என்பார் நாத்தனார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பாத்தியதை கொண்டாடுவது போலக் கேட்டது.

"ஆல்மோஸ்டின்னா என்ன பாப்பா?" என்று மகளிடமே கேட்டேன்.

"அது அத்தைக்கும் எனக்கும்" என்றாள்.

போனில் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. "அக்காட்டக் கேட்டாச் சொல்லப் போறாக. இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கணவர். நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அதற்குப் பதிலாக, என் அலுவலகத்துக்குப் பக்கம் என்று காரணம் சொல்லி, அல்லிநகரத்தில் ஒரு பிளே ஸ்கூலில் மகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தேன்.

நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "உனக்கு எது தோதோ அதச் செய்யித்தா. புள்ளையப் பதனமாப் பாத்துக்கச் சொல்லு." நூல் கோக்க வெகுநேரம் ஆயிற்று.

சேர்த்த வாரத்திலேயே அங்கிருந்த மிஸ் என்னை நிறுத்தினார். "மதியத்துக்கு மேல ஜன்னலை விட்டு வர மாட்டேங்கிறா மேடம். ஆல்மோஸ்டியா, ஆல்மோஸ்டியான்னு என்னையே கேக்குறா. ஆமான்னாலும் அழுகிறா, இல்லைன்னாலும் அழுகிறா. அது என்னன்னு சொன்னீங்கன்னா நானும் சரியாச் சொல்லிருவேன்."

பெற்றவளுக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? வெளியே வந்து ரோட்டோரம் நின்று நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"அதுவா?" என்று சிரித்தார். "நீ வேலைக்குப் போக ஆரம்பிச்ச புதுசுல, ஒவ்வொரு தேனி பஸ் வரும்போதும் அம்மா எங்கன்னு கேக்கும். ஆல்மோஸ்ட் வந்துட்டான்னு சொன்னேன், மூஞ்சி வாடிப்போச்சு. ஆல்மோஸ்டீன்னு இழுத்துச் சொன்னேன், சிரிச்சிருச்சு. அன்னையிலருந்து அப்படியே நிலைச்சுப்போச்சு. நீ இன்னும் வரல, ஆனா வந்துக்கிட்டே இருக்கன்னு அர்த்தம். நீ வந்து நின்னுட்டா ஆல்மோஸ்டி போச்சு."

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கத்தா நின்ன? வந்ததும் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பறந்துருவியே."

அடுத்த வாரமே மகளைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விட்டேன். நாத்தனார் என்னைக் குத்திக்காட்டவில்லை. "வாங்க மேடம், லீவு முடிஞ்சதா?" என்று மகளைத்தான் கேட்டார்.

பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் பொய். அது வேறு இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். எனக்காக உண்டான சொல் நான் இல்லாத நேரத்தில் மட்டுமே உயிரோடிருந்தது. நான் வாசலில் கால் வைத்ததும் முடிந்துபோனது. இப்போது மகள் பெரிய பள்ளிக்குப் போகிறாள். அந்தச் சொல்லைக் கேட்டால் விழிக்கிறாள். அதை நினைவில் வைத்திருப்பது நாத்தனாரும் நானும்தான். ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு மாலை என்னிடம் இருக்கிறது.

மகள் அத்தையிடம் திரும்பிய பிறகு வந்த மாலை அது. அன்று அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வழக்கத்துக்கு முந்திய பஸ்ஸில் வந்துவிட்டேன். வாசலுக்குப் போகாமல் வீட்டின் பக்கச் சுவரோரம் நின்றேன். ரோட்டில் அடுத்த பஸ் வந்து நின்று கிளம்பியது.

"அத்தை, அம்மா ஆல்மோஸ்டியா?"

"ஆல்மோஸ்டி தங்கம், ஆல்மோஸ்டி." இவ்வளவு பொறுமையான குரலில் நான் அவளிடம் எதையும் சொன்னதில்லை.

மெஷின் மறுபடி ஓடியது. இன்னொரு பஸ்ஸும் வந்து போனது. இந்த முறை மகளின் குரல் லேசாகக் கம்மியிருந்தது. "ஆல்மோஸ்டியா அத்தை?"

சுவர் முனையில் திரும்பினால் வாசல். உடனே போயிருக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.